சேக்காட்டிலிருந்து கடல்வரை

நுழையும்முன்

மலையுச்சிகளை நாடிச் செல்வோர் பலர். சமவெளியிலும் சதுப்பிலும் கடற்கரையிலும் நடந்து நிலத்தை அறிந்தோர் சிலரே. சென்னையின் மேற்குப் புறநகரில் தொடங்கிக் கடலில் முடியும் ஒரு நடையின் வழியே அந்நிலங்களைக் காட்டுகிறது இக்கட்டுரை.

‘சே’ என்பது ஓரெழுத்து ஒருமொழி. அதற்கு எருது என்னும் பொருளும் உண்டு. ஒரு மரத்தின் பெயராகவும் அது பழந்தமிழில் வழங்கியது. ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே உள்ள சேக்காடு என்னும் ஊர்ப்பெயரில் இருப்பது எருதா, மரமா என்று அறிஞர்கள் வழக்காடலாம். பின்பாதியில் வழக்கே இல்லை. காடு என்றால் காடுதான். ஆனால், இந்துக் கல்லூரி இரயில் நிலையத்தில் இறங்கி அவ்வூருக்குள் நடந்து செல்பவர் கண்ணுக்குக் காடு ஏதும் தட்டுப்படாது. தெருக்கள், மாடி வீடுகள், தண்ணீர் லாரிகள், நெடுஞ்சாலையின் இரைச்சல் ஆகியவையே எதிர்ப்படும். பக்கத்தில் ஓடும் இருப்புப்பாதை, 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை. அந்த இரயிலின் சன்னலோரம் அமர்ந்து சென்றவர்கள் இங்கே என்ன கண்டிருப்பார்கள் என்பதற்கு ஊர்ப்பெயரைத் தவிரச் சான்றுகள் குறைவே.

சேக்காட்டைச் சுற்றிலும் காடு என முடியும் ஊர்கள் நிறைய. மேற்கே திருவாலங்காடு, அருகிலேயே கூவம் ஆற்றங்கரையில் திருவேற்காடு, வடக்கே உப்பேரியின் கரையில் பழவேற்காடு, தெற்கே கழிமுகத்தில் முட்டுக்காடு. இவற்றுள் ஒன்றில்கூட வானளாவிய மரங்கள் கூட்டமாக நிற்கவில்லை. தமிழர் ‘காடு’ என்ற சொல்லைத் தேக்கும் ஈட்டியும் நிற்கும் மலைச்சரிவுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கவில்லை என்பதை இப்பெயர்கள் உணர்த்துகின்றன. பனங்காடு, உடைமரக்காடு, முட்காடு, அலையாத்திக் காடு என்று சமவெளியிலும் உப்புநீரிலும் வளர்ந்த எல்லாவற்றையும் அச்சொல் தழுவிக்கொண்டது.

இன்றைய வழக்கில் காட்டுக்குள் நடப்பது என்றாலே மலையேற்றம் என்று பொருள் கொள்ளும் மயக்கம் ஒன்று படர்ந்திருக்கிறது. உச்சியை அடைந்து படம் எடுத்துத் திரும்பினால்தான் நடந்ததாகக் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்றோரில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே மலையேற்றத்தை நெறிப்படுத்தும் விதிகளை அரசு வகுத்து, பாதைகளை எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பிரித்தது. எளிய பாதை என்ற சொல்லைக் கேட்டதும் இளையோர் சிலர் முகம் சுளிக்கின்றனர். அவர்கள் சுளிப்பது நியாயமன்று. எளிய பாதையில் கால் கடினப்படுவதில்லை. ஆகவே கண்ணுக்கு வேலை கூடுகிறது.

ஏரிக்கரை

சேக்காட்டிலிருந்து புறப்படும் நடைக்கு முதல் இடம் ஏரிக்கரையாகவே அமையும். பருத்திப்பட்டு, விளிஞ்சியம்பாக்கம், அயப்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர் என்று ஆவடியைச் சுற்றி ஏரிகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் இப்பகுதியில், அதன் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களுக்கு நீரைச் சேர்த்து வைக்க வேண்டும். பெரிய ஆறில்லாத, சரிவு மிகக் குறைந்த நிலத்தில் முன்னோர் கண்ட வழி, பிறைவடிவில் மண்கரை எழுப்பி ஓடும் நீரை மறிப்பது. ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே வெளியேறி வாய்க்காலில் இறங்கி அடுத்த ஏரியைச் சேரும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்தது. வரைபடத்தில் தனித்தனிக் குளங்களாகத் தெரிபவை உண்மையில் ஒரே நூலில் கோத்த மணிகள்.

ஏரிக்கரையில் நடப்பவர்க்கு ஒரு பக்கம் நீர், மறுபக்கம் அதைவிடத் தாழ்ந்த நிலம். அத்தாழ்நிலம் ஒருகாலத்தில் ஆயக்கட்டு வயல். நெல்லுக்குத் தண்ணீர் விடுவதற்காக அமைத்த மதகு இப்போது வீடுகளைப் பார்த்தபடி நிற்கிறது. மழைநாளில் அவ்வீட்டாருக்கு ஏன் அச்சம் என்பதைப் புத்தகம் வைத்து விளக்க வேண்டியதில்லை. கரையின் மீது நின்று இருபுறமும் ஒருமுறை பார்த்தால் போதும்.

நீரின் நலத்தையும் கரையிலிருந்தே படிக்கலாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை ஏரியின் மீது பச்சைப் பாயாக விரிந்திருந்தால், கழிவுநீர் கலக்கிறது என்று பொருள். சாக்கடை கொண்டுவரும் சத்துகளை உண்டுதான் அது அவ்வளவு விரைவாகப் பெருகுகிறது. நாமக்கோழிகள் கூட்டமாக மிதப்பது நீர்த்தாவரங்கள் நிறைய இருப்பதைக் காட்டும். முக்குளிப்பான் மூழ்கி மூழ்கி எழுமானால் அடியில் சிறுமீன்களும் நீர்ப்பூச்சிகளும் உண்டு. நீர்க்காகம் சிறகை விரித்துப் பட்ட மரத்தில் உலர்த்துகிறதென்றால் அதற்கு மீன் கிடைத்திருக்கிறது. பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டில் நடைபாதையுடன் கூடிய பசுமைப் பூங்கா திறக்கப்பட்டது. காலையில் அங்கு நடப்போர் பலர் மருத்துவர் சொன்ன எண்ணிக்கைக்காகச் சுற்றுகின்றனர். அதுவும் நன்றே. ஆனால், செவியில் பாட்டை மாட்டிக்கொண்டு சுற்றுபவர், நீலத் தாழைக்கோழி கோரைக்குள்ளிருந்து எழுப்பும் கனைப்பைக் கேட்பதில்லை.

அண்மையில் இருப்பதைப் பார்க்கும் கலைக்கு நம் நாட்டில் ஓர் ஆசான் இருந்தார். தமிழின் தொடக்ககாலப் புதின ஆசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் அவர். 1950 முதல் 1996இல் தம் மறைவு வரை 46 ஆண்டுகள் ஆங்கில நாளேடு ஒன்றில் இயற்கை குறித்த பத்தியை எழுதிவந்தார். யானையையும் புலியையும் மட்டுமன்றி, காக்கையையும் அணிலையும் பல்லியையும் அதே அக்கறையுடன் எழுதியவர். வீட்டுத் தோட்டத்தில் கண்டதை எழுதுவதற்கும் அவருக்குப் பொருள் குறைந்ததே இல்லை.

கழுவெளி

ஏரியில் தேங்கியது போக எஞ்சிய நீர் எங்கே போகிறது? மேற்குப் புறநகரின் நீரில் ஒரு பகுதியைக் கூவம் ஏந்திச் சென்று நேப்பியர் பாலத்தருகே கடலில் சேர்க்கிறது. தெற்கே உள்ள ஏரிகளின் நீருக்கு வேறு வழி. பல பத்து ஏரிகளின் மிகுநீர் தாழ்ந்த பரந்த நிலமொன்றில் வந்து பரவி, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. அத்தாழ்நிலமே பள்ளிக்கரணைச் சதுப்பு. ஊரார் வழக்கில் அது கழுவெளி. அரசின் பழைய பதிவேடுகளில் அதற்கு வாய்த்த பெயர் தரிசு. ஒரு சொல் செய்யும் தீங்கு எவ்வளவு பெரிது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டா. தரிசு என்று எழுதிய நிலத்தில் குப்பையைக் கொட்டலாம், சாலை போடலாம், கட்டடம் எழுப்பலாம். எல்லாமே நடந்தன. சதுப்பின் பெரும்பகுதி கண்முன்னே கரைந்தது.

சேக்காட்டிலிருந்து அங்கே செல்வது கடினமன்று. புறநகர் இரயிலில் சென்னை சென்ட்ரல் வரை சென்று, பூங்கா நகரில் பறக்கும் இரயிலுக்கு மாறி, பெருங்குடியில் இறங்கலாம். அப்பாதை சதுப்பின் வட ஓரத்தை ஒட்டியே செல்கிறது. துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்கும் 200 அடிச் சாலையின் ஓரத்திலிருந்தும் சதுப்பைக் காணலாம். வனத்துறை அமைத்த சூழல் பூங்காவிலும் நடக்கலாம். சதுப்புக்குள் இறங்கி நடக்க வழியில்லை, நடக்கவும் கூடாது. விளிம்பில் நடப்பதே அந்நிலத்துக்கு உரிய மரியாதை.

முதல்முறை செல்பவர்க்கு ஏமாற்றமே மிஞ்சும். ஒருபுறம் பெருநகரின் குப்பைமேடு. மறுபுறம் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவே பழுப்பு நீரும் சம்பும் கோரையும். கால்மணி நேரம் அசையாமல் நிற்பவர்க்கே காட்சி திறக்கும். சம்பின் அடியில் கல்லாய் நின்ற ஒன்று கழுத்தை நீட்டும், அது குருகு. இலையின் மேல் நீண்ட விரல்களைப் பரப்பி இலைக்கோழி நடக்கும். சிவந்த நெடுங்கால்களுடன் நெட்டைக்காலிகள் சேற்றைத் துழாவும். குளிர்காலத்தில் வடதிசை நாடுகளிலிருந்து வந்த உள்ளான்களும் வாத்துகளும் பரவியிருக்கும். நீர்மட்டம் ஏற்றதாக அமையும் நாள்களில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை அரித்து உண்ணும் காட்சியும் கிட்டும்.

சதுப்பின் வேலை பறவைக்கு உணவளிப்பது மட்டுமன்று. அது ஒரு கடற்பஞ்சு. பெருமழையில் வரும் நீரைத் தன் பரப்பெங்கும் விரித்து வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கடலுக்கு விடும். பஞ்சை வெட்டிச் சிறிதாக்கினால் நீர் எங்கே நிற்கும்? 2015 திசம்பரில் வேளச்சேரியும் அதைச் சுற்றிய பகுதிகளும் அதற்கு விடை கண்டன. அதற்கு முன்பே, 2007இல், சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டிருந்தது. நீரும் கோரையும் நிறைந்த இடத்துக்குச் சட்டம் ‘காடு’ என்று பெயரிட்டபோது, பழைய ஊர்ப்பெயர்களின் பொருள் ஏதோ ஒரு வகையில் மீண்டும் உயிர்பெற்றது எனலாம். 2022இல் 1,247 எக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பிச்சாவரமும் கரிக்கிலியும் அதே வேளையில் அப்பட்டியலில் சேர்ந்தன. ஈரானில் உள்ள ராம்சார் என்னும் நகரில் 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று உருவான ஈரநில உடன்படிக்கையின் பெயரால் அமைந்தது அப்பட்டியல்.

இத்தகைய அறிவிப்புகளுக்கு அடிப்படையாக அமைவன எண்கள். அவ்வெண்களைத் தருபவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத நடையர்கள். 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. இருநோக்கியும் குறிப்பேடும் கொண்டு, ஒரே காலத்தில் பல ஈரநிலங்களின் ஓரத்தில் நடந்து, ஒவ்வோர் இனத்தையும் எண்ணி எழுதுகின்றனர். இதில் மாணவர்க்கும் இடமுண்டு. தொடக்கத்தில் பத்துப் பறவைகளை அடையாளம் காணத் தெரிந்தால் போதும். பதினோராவதை அருகில் நிற்பவர் சொல்லிக்கொடுப்பார்.

முட்காடு

இரயிலில் எதிர்த்திசையில் சென்றால் திருவள்ளூர். அங்கிருந்து பேருந்தில் பூண்டி. கொசத்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் அங்கே இருக்கிறது. அதற்கு அப்பால் அல்லிக்குழி மலை. மலை என்பது பெயரளவில்தான். நெடிது உயராத குன்றுத்தொடர் அது. அதன் முட்காட்டுக்குள் இருக்கும் குடியம் குகைகளுக்குச் செல்லும் வழி, தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளுள் ஒன்று. எளிய பாதை என்று வகுக்கப்பட்டது. வனத்துறையில் முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் செல்ல வேண்டும்.

இக்காட்டில் நிழல் குறைவு. களாவும் காரையும் சூரையும் ஆடையைப் பற்றி இழுக்கும். காலை வெயில் ஏறுமுன் நடந்து முடித்துவிடுவது நன்று. முழுக்கைச் சட்டை, தொப்பி, மூடிய காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஆகியன போதும். வேறு கருவிகள் தேவையில்லை. பாதையெங்கும் உருண்டைக் கூழாங்கற்கள் கிடக்கும். குன்றே கூழாங்கற்கள் இறுகிக் கெட்டிப்பட்ட பாறையால் ஆனது. அப்பாறை அரித்துக் குடைவானதால் உருவானவையே குகைகள். முகப்பில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு, கூரையில் கூழாங்கற்கள் பதிந்திருப்பது தெரியும். உள்ளே அம்மன் வழிபாடும் நடைபெறுகிறது.

அந்தக் கூழாங்கற்கள்தாம் இவ்விடத்தின் பெருமை. தொல்பழங்கால மனிதன் தனக்கு வேண்டிய கருவிகளை அவற்றிலிருந்தே உடைத்துச் செதுக்கினான். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் பூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக்குழியில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்றாக அது போற்றப்படுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்னும் தம் உடன்பணியாளருடன் கொசத்தலையாற்றுப் படுகைக்குச் சென்றார். அதிரம்பாக்கத்தில் கருவிகள் மிகுதியாகக் கிடைத்தன. பூட் தொல்லியலாளராகப் பயின்றவர் அல்லர். பாறைகளை வரைபடத்தில் குறிக்க நடந்தவர். நடையின் வேகம் குறைவாக இருந்ததால்தான், ஆயிரம் கற்களுக்கு நடுவே மனிதக் கை பட்ட ஒரு கல் அவர் கண்ணில் சிக்கியது. குதிரைமீது விரைந்தவர் எவரும் அதைக் காணவில்லை.

அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்பு தலைமையில் பின்னாளில் நடந்த ஆய்வுகள், அங்குள்ள மிகப்பழைய கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் எனக் கணித்து 2011இல் வெளியிட்டன. ஆவடியிலிருந்து ஒரு முற்பகலில் சென்றுவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது அந்த இடம். பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் கைக்கோடரிகளைக் காணலாம். காட்டில் கண்ணில் படும் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது மட்டும் ஆகாது. இடத்தைவிட்டுப் பெயர்ந்த கருவி, ஏடு கிழிந்த எழுத்தைப் போன்றது. எந்த மண்ணடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்னும் செய்தி அதனுடன் போய்விடும்.

நெய்தல் நிலம்

கடற்கரையில் நடப்பதற்கும் ஒரு நுட்பம் உண்டு. உலர்ந்த மணல் காலை உள்ளிழுக்கும்; அரைமணி நேரத்தில் கெண்டைக்கால் வலிக்கும். அலை நனைத்துப் பின்வாங்கிய ஈரமணல் தரைபோல் இறுகியிருக்கும். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மீட்டரளவே என்பதால், நடக்கும் ஈரப்பட்டை குறுகியது. அதற்கு மேலே அடப்பங்கொடி படரும். அதற்கும் மேலே இராவணன் மீசை என்று மக்கள் அழைக்கும் கூர்ம்புல் உருண்டு கிடக்கும். இவ்விரண்டும் மணலைப் பிடித்து நிறுத்தும் காவலர்கள். அழகுக்காக அவற்றை அகற்றிய கரைகளில் மணல் காற்றோடு போகிறது.

மணலும் ஓரிடத்தில் நிற்பதன்று. ஆண்டின் பெரும்பகுதியில் கடல் அதைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டப்பட்டபோது அந்த நகர்வு தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் கரை அரிக்கப்பட்டது. மெரினாவின் அகலத்தைக் கண்டு வியப்பவர், அது வடசென்னை மீனவர் இழந்த மணல் என்பதையும் அறிய வேண்டும்.

இக்கரைக்குத் தை முதல் பங்குனி வரை ஒரு விருந்தினர் வருவதுண்டு. பங்குனி ஆமை என்று மீனவர்கள் பெயரிட்ட கடலாமை அது. நள்ளிரவில் அலையிலிருந்து எழுந்து, துடுப்புக் கால்களால் ஊர்ந்து மேட்டு மணலை அடைந்து, பின்கால்களால் குடம் போன்ற குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலை மூடி, உடலால் தட்டிச் சமன் செய்து, கடலுக்குத் திரும்பிவிடும். எல்லாம் ஒரு மணிநேரத்துக்குள். இக்காட்சியைப் புலவர் ஒருவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார். அகநானூற்றின் 160ஆம் பாடலில், சூல் கொண்ட ஆமை அடும்பின் கொடியைச் சிதைத்து, மணல்மேட்டின் பக்கத்தில் முட்டையிட்டுப் புதைத்து வைக்கும் செய்தி வருகிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை முட்டையைக் காக்கும் என்றும் அப்பாடல் கூறும். கடலாமைகளில் தாயும் தந்தையும் காவல் இருப்பதில்லை என்பது இன்றைய உயிரியல். எனினும், அடும்பு, மேட்டுமணல், மறைத்துப் புதைத்தல் என்னும் மூன்றையும் பிழையின்றிச் சொன்ன புலவர் குமுழி ஞாழலார் நப்பசலையார், இக்கரைகளில் நடந்தவராகவே இருக்க வேண்டும்.

தற்காலத்தில் அந்த இரவு நடை 1970களின் தொடக்கத்தில் மீண்டும் உயிர்பெற்றது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் அவருடன் இருந்த இளைஞர்களும் ஆமைத் தடங்களைத் தேடி இரவில் நடந்தனர். முட்டைகள் தோண்டி எடுக்கப்பட்டுச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவ்விளைஞர்களுள் சதீஷ் பாஸ்கர் ஒருவர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயில வந்தவர். கடலே அவரை ஈர்த்துக்கொண்டது. 1977 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்தியக் கடற்கரைகளிலும் அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவுகளிலும் நடந்தே ஆய்வு செய்தார். அவர் நடந்த தொலைவு 4,000 கிலோமீட்டருக்கும் மேல் என்பர். இந்தியாவில் எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்பதற்கான அடிப்படைச் செய்திகளுள் பெரும்பகுதி அவர் கால்களால் எழுதப்பட்டதே.

1982இல், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆமைகளைக் காண்பதற்காக, இலட்சத்தீவுகளில் ஆளில்லாத சுகேலி வலியகரைத் தீவில் அவர் பல மாதங்கள் தனியே தங்கினார். கடல் கொந்தளிக்கும் அக்காலத்தில் படகு வராது; அஞ்சலும் இல்லை. மனைவிக்கு எழுதிய மடலைக் குப்பியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் மீனவர் ஒருவர் கையில் கிடைத்தது. அவர் அதை அஞ்சலில் சேர்க்க, மடல் உரியவரிடம் வந்து சேர்ந்தது. கடல் நீரோட்டங்கள் குறித்த பாடத்துக்கு இதனினும் இனிய எடுத்துக்காட்டைத் தேடுவது வீண்.

1988 முதல் மாணவர்கள் அப்பணியைத் தம் தோள்மேல் ஏற்றனர். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்னும் தன்னார்வக் குழு, வனத்துறையின் இசைவுடன், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவை முட்டையிடும் பருவத்தில் இரவுதோறும் நடந்து வருகிறது. சில இரவுகளில் பொதுமக்களும் உடன் செல்லலாம். கைவிளக்கை எரிக்கக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. மணலில் உழவு இயந்திரத்தின் சக்கரம் உருண்டதுபோல் ஒரு தடம் கடலிலிருந்து ஏறி, இன்னொரு தடம் இறங்கினால், இரண்டுக்கும் இடையில் எங்கோ கூடு இருக்கிறது. பயின்ற ஒருவர் மண்டியிட்டு, மெல்லிய கோலால் மணலின் இறுக்கத்தை ஆராய்வார். கோல் திடீரென்று இளகி இறங்கும் இடத்தில் கையால் தோண்டுவார். முழங்கை ஆழத்தில் வெண்மையான, மேசைப்பந்து அளவிலான முட்டைகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் எடுத்து, பொரிப்பகத்தின் வேலிக்குள், அதே ஆழத்தில், அதே வடிவில் குழி வெட்டிப் புதைப்பர். தெருநாய்களிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் காக்க வேறு வழியில்லை.

சிறப்பிரவு எதுவும் காணாமல் ஏழு கிலோமீட்டரையும் நடந்து முடிக்கும் நாள்களே மிகுதி. புதியவர்கள் சோர்ந்து, ஆமையைக் காட்டுவதாகச் சொன்னார்களே என்று முணுமுணுப்பதும் உண்டு. ஆமை வராத இரவும் குறிப்பேட்டில் ஒரு வரியாக ஏறும். அந்த வெற்று வரிகள் இல்லையேல், ஆமை வந்த இரவுகளின் எண்ணிக்கைக்கும் பொருள் இராது.

உயிரற்ற ஆமைகளும் அக்குறிப்பேட்டில் ஏறுகின்றன. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இடையிடையே நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். இழுவைமடி வலைகள் கடலடியை வாரிச் செல்லும்போது உள்ளே சிக்கினால் மூச்சுமுட்டி இறந்துவிடும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மடி இழுப்பதற்குத் தடை இருக்கிறது. வலையில் ஆமை தப்பிச் செல்லும் வாயில் அமைக்கும் கருவியும் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், 2025 சனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. அவற்றை எண்ணியவர்களும் இரவில் நடந்தவர்களே. அவ்வெண்கள் செய்தித்தாளுக்குச் சென்றன. நீதிமன்றங்களும் அரசும் அவற்றைக் கேட்டன. மீனவர் அனைவர் மீதும் பழி சுமத்துவது இவ்விடத்தில் எளிது, ஆனால், தவறு. கட்டுமரத்திலும் சிறுபடகிலும் செல்வோரின் வலையில் ஆமை சிக்கினால், பெரும்பாலும் அறுத்துக் கடலில் விடப்படுகிறது. ஆமையைத் தெய்வமாக எண்ணும் வழக்கம் மீனவர் பலரிடம் உண்டு.

புதைத்த முட்டைகள் 45 முதல் 60 நாள்களில் பொரிகின்றன. குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. சூடு மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். உலகம் சூடாவதைக் கடலாமை ஆய்வாளர்கள் அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். மணலைக் கிளறிக்கொண்டு வெளிவரும் குஞ்சுகள் ஒளிமிக்க தொடுவானை நோக்கி விரையும். இயற்கையில் அவ்வொளி கடற்பக்கம் இருக்கும். பெசன்ட் நகரில் அது சாலைப்பக்கம் இருக்கிறது. எனவே, விடுவிக்கும் நேரத்தில் கரையோர விளக்குகளை அணைக்குமாறு தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் கேட்டு வருகின்றனர்.

கூடையிலிருந்து குஞ்சுகளை நேரே நீரில் விடுவதில்லை. அலைக்குச் சில மீட்டர் முன்பாக ஈரமணலில் இறக்கிவிடுவர். பார்க்க வந்தவர்கள் கயிற்றுக்குப் பின்னால், காலை அசைக்காமல் நிற்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கரிய உயிர்கள் துடுப்புகளை மாறி மாறி ஊன்றி, மனிதக் காலடிப் பள்ளங்களில் விழுந்து, புரண்டு, ஏறி, ஊர்கின்றன. முதல் அலை சிலவற்றைப் பின்னுக்குத் தள்ளும். இரண்டாம் அலை அள்ளிக்கொள்ளும். ஆயிரத்தில் ஒன்று முழுவளர்ச்சி அடையும் என்பது பொதுவான மதிப்பீடு. தப்பிய பெண் ஆமை பல ஆண்டுகள் கழித்து முட்டையிட வரும்போது, தான் பிறந்த கடற்பகுதியையே நாடி வரும். இன்று அது ஊரும் இந்தச் சில மீட்டர் மணலில் நடப்பதும் அதற்கு உதவுகிறது என்று கருதியே, ஒரு குஞ்சு எவ்வளவு தடுமாறினாலும் கைகொடுக்காமல் எல்லோரும் காத்து நிற்கின்றனர்.